தோல் ஊரில் டிராயிங் தேர்வு

பாலாற்றை ஒட்டி ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் ஊர்களில், ஒருவர் “டிராயிங் லோயரும் ஹையரும் முடித்திருக்கிறார்” என்றால், டிராயிங் மாஸ்டர் வேலைக்குக் காத்திருக்கிறார் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். தோல் ஷாப் எனப்படும் பதனிடும் ஆலையிலோ ஷூ கம்பெனியிலோ அந்தச் சான்றிதழைக் காட்டி வேலை கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. அரசு தொழில்நுட்பத் தேர்வு என்ற வரிசையில் நெசவுக்கும் தையலுக்கும் பக்கத்தில் நிற்கும் தேர்வு அது. அதைத் தொடங்கியவர்கள் மனத்தில் இருந்ததும் தொழில்தான். தென்னிந்தியாவின் பெரிய தொழில் வட்டாரங்களில் ஒன்றிலேயே அது தொழிலோடு ஒட்டாமல் போனது ஏன்? பள்ளிப் படிப்பு ஏட்டுச் சுரைக்காய் என்பது ஒரு விடை. தோல் வேலைமீது சாதி ஏற்றிவைத்த இழிவு இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முதல் காரணம் வேறு இடத்தில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். இந்த வட்டாரம் நூறாண்டுக்கு மேலாகத் தோலைப் பாதியில் நிறுத்தி விற்றது. கோடு தேவைப்படும் வேலை அந்தப் பாதிக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தேர்வின் வேர் லண்டனில் இருக்கிறது. 1851 பொருட்காட்சிக்குப் பிறகு, ஆலைப் பொருள்களின் வடிவமைப்பில் பிரான்சிடம் தோற்றுவிடுவோம் என்ற அச்சம் இங்கிலாந்தில் பரவியது. ஹென்றி கோலும் ரிச்சர்ட் ரெட்கிரேவும் சவுத் கென்சிங்டனில் 20-க்கும் மேற்பட்ட படிகள் கொண்ட வரைகலைப் பாடத்திட்டத்தை உருவாக்கினார்கள். சென்னையில் அந்தப் பொருட்காட்சிக்கு ஓராண்டு முன்பே, 1850-ல், மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் கலைப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். பிறகு அது அரசின் கைக்குப் போனது. 1880-களில் சென்னை மாகாணம் தொழில்நுட்பத் தேர்வுகளை முறைப்படுத்தியபோது எடுத்துக்கொண்ட அச்சு சவுத் கென்சிங்டனுடையது. தேர்வுக்குத் தயாராகும் முறையிலேயே அதன் சாயல் தெரியும். ஃப்ரீஹேண்ட் தாளில் ஸ்கேல் தொடக் கூடாது. நடுக்கோட்டின் ஒரு பக்கம் கொடுத்த கொடியையும் இலையையும் மறுபக்கம் பிசகாமல் வரைய வேண்டும். மாடல் டிராயிங்கில் கனசதுரம், உருளை, கூம்பு, கூடவே ஒரு பானை. கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரலை நகர்த்தி உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டு அளப்பது அடிப்படைப் பாடம். ஜியாமெட்ரிகல் டிராயிங்குக்கு டி-ஸ்கொயர், செட் ஸ்கொயர், காம்பஸ், கூராகச் சீவிய 2எச் பென்சில். கட்டுமானக் கோடு மெலிந்தும் உருவக் கோடு அழுத்தமாகவும் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் கை பழகினால்தான் வட்டம் வட்டமாக வரும்.

அதே காலத்தில் பாலாற்றங்கரையில் நடந்த வேலை என்ன? ஊறவைத்த தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் பதப்படுத்தி, கடுக்காயில் முடித்து, எண்ணெய் தடவி உலர்த்துவது. ஈஸ்ட் இந்தியா கிப்ஸ் என்ற பெயரில் அந்தப் பாதி பதனிட்ட தோல் கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போனது. இந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் யாரும் எதையும் வரைய வேண்டியதில்லை. மாட்டின் வடிவில் வந்த தோல் மாட்டின் வடிவிலேயே போகிறது. வரைகலை கைக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் பயிற்சி, அது எந்தத் தொழிலுக்கும் உதவும் என்று சிலர் மறுக்கலாம். ஹன்டர் காலத்திலிருந்து சொல்லப்படும் வாதம்தான் இது. தோல் ஷாப்பில் ரகம் பிரிப்பவரைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், கத்தி வெட்டு, வயிற்றுப் பக்கத்துத் தளர்ச்சி என்று ஒரு புரட்டலில் கண்டு தரம் சொல்லிவிடும் கண் அது. கனசதுரம் வரைந்து வந்த கண் அல்ல. தோலைத் தொட்டுத் தொட்டுப் பழகியது. கண்ணுக்குப் பயிற்சி என்ற பொது வாதம் இந்த ஊர்களில் எடுபட வழியே இல்லை.

தேர்வும் தோலும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலமும் உண்டு. கலைப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன், அலுமினியப் பாத்திரத் தொழிலில் வெற்றி கண்டபின், 1903-ல் குரோம் பதனிடும் சோதனையில் இறங்கினார். அந்தப் பள்ளி இருப்பதோ பெரியமேட்டுத் தோல் மண்டிகளின் பக்கத்தில். வேலூர்ச் சீமைத் தோல் வந்து இறங்கும் சந்தை அது. பள்ளியில் ஒருபுறம் இலையும் கொடியும், இன்னொருபுறம் குரோம் உப்பு. இரண்டையும் சேர்த்து, தோலிலிருந்து ஒரு பொருளின் வடிவத்துக்குப் போவதைப் பாடமாக்கும் எண்ணம் கைகூடவில்லை. 1910-ல் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மார்லி, அரசு ஆலை நடத்தக் கூடாது என்று ஆணையிட்டார். சாட்டர்டன் போட்ட பாதையும் அடைபட்டது. முதல் உலகப் போர் வந்தது. படைவீரர்களின் பூட்ஸுக்காக ஈஸ்ட் இந்தியா கிப்ஸை அரசே மொத்தமாக வாங்கியது. பூட்ஸ் தைத்தது நார்தாம்டன் போன்ற ஊர்கள், தோல் கொடுத்தது நம் ஊர்கள். பாதித்தோலுக்கே இவ்வளவு விலை கிடைத்தால் முழுப் பொருளுக்கு யார் போவார்கள்? வியாபாரிகளின் கணக்கில் தப்பில்லை. தோல் வணிகர்களின் கொடையில் வளர்ந்த கல்விதான் 1919-ல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி வரை போனது. கல்வியில் அக்கறை இல்லாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கல்வியைத் தங்கள் தொழிலில் வைத்துப் பொருத்த இடம்தான் இருக்கவில்லை.

விடுதலைக்குப் பிறகாவது மாறியதா? அ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, 1952–53-ல் பல்நோக்குப் பள்ளிகளுக்கு ஏழு பிரிவுகளைப் பரிந்துரைத்தது. தொழில்நுட்பப் பிரிவில் ஜியாமெட்ரிகல் டிராயிங்குக்கு மரியாதையான இடம் கிடைத்தது, ஆனால் அது கணக்கோடும் இயந்திரவியல், மின்னியல் அடிப்படைகளோடும் சேர்ந்த இடம். மனத்தில் இருந்தது லேத்தும் மோட்டாரும். கோயம்புத்தூர்ப் பையனுக்கு அது பொருந்தும். ஆம்பூர்ப் பையனுக்கு அது ஊரை விட்டுப் போகும் வழி.

நிலைமை தலைகீழானது 1973-ல். சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு வரம்பு கட்டியது. முடித்த தோலுக்கும், பிறகு ஷூவின் மேல்பகுதியான அப்பருக்கும், கடைசியில் முழு ஷூவுக்கும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் நகர்ந்தன. கோடு இல்லாமல் இனி ஒரு வெட்டுகூட இல்லை. லாஸ்ட் என்னும் கால் வடிவக் கட்டைமீது டேப்பை நெருக்கமாக ஒட்டி, முன்னும் பின்னும் நடுக்கோடு இழுத்து, ஷூவின் வெட்டுக் கோடுகளை அதன்மேலேயே வரைகிறார்கள். பிறகு டேப்பை உரித்து அட்டையில் படியவைக்கிறார்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோல் வராது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோட்டை முடிவு செய்ய வேண்டும். அடியில் மடித்து இழுக்க 15 மி.மீ. அளவில், மடிப்புக்கும் ஒட்டுக்கும் சில மி.மீ. என்று கூட்டிக்கொண்டு பேட்டர்ன் வெட்டுகிறார்கள். அதை மற்ற அளவுகளுக்குப் பெருக்கவும் குறைக்கவும் வேண்டும். ஐரோப்பிய அளவில் ஒரு படிக்கு நீளம் 6.67 மி.மீ. மாறும், ஆங்கில அளவில் 8.46 மி.மீ. முதுகெலும்பு வாக்கில் தோல் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் இழுபடும் என்பதையும் கணக்கில் கொண்டால்தான் ஷூ அணியும்போது நெகிழாது.

பள்ளித் தேர்விலும் பரப்பை விரித்து வரையும் பாடம் இருக்கிறதே, அது இதுதானே என்று கேட்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், கணக்கில் வேறு. உருளையையும் கூம்பையும் வெட்டினால் தாளில் சுருக்கமில்லாமல் படியும். அதனால்தான் அவை தேர்வில் வருகின்றன, தகர வேலைக்கும் உதவுகின்றன. கால் கட்டையோ இரு திசையிலும் வளைந்தது. அப்படிப்பட்ட பரப்பை நீட்டாமலும் மடிக்காமலும் தட்டையாக்கவே முடியாது என்று கவுஸ் 1827-லேயே நிறுவிவிட்டார். டேப்பை அட்டையில் ஒட்டும்போது ஓரிடத்தில் கிழிக்கவோ ஓரிடத்தில் அமுக்கவோ நேர்வது இதனால்தான். எங்கே கிழிக்கலாம், எதைத் தோலின் நீட்சி சரிக்கட்டும் என்பது பேட்டர்ன் வெட்டுபவரின் அறிவு. ஒரே விடை உள்ள கேள்விகளாலான தாளில் அதைச் சோதிக்க முடியாது. சென்னையில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இதைக் கற்பித்தது உண்மை. ஆனால் பள்ளி டிராயிங்கின் தொடர்ச்சியாக அல்ல, தனிப் படிப்பாக.

தேர்வை இதனால் வீண் என்று தள்ள நான் தயாரில்லை. தொட்டியில் இறங்கி உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி வேலை என்பது கூலி உயர்வு மட்டுமல்ல. தோல் நாற்றத்தைச் சொல்லி ஊர் ஒதுக்கிய குடும்பத்துக்கு வந்து சேர்ந்த ‘சார்’ பட்டமும்கூட. அந்தக் கணக்கில் அது உருப்படியான தேர்வுதான். ஆனால் இழிவே முதல் காரணம் என்றால், ஷூ கம்பெனிகள் வந்தபின் தொட்டிப் பக்கம் போகாத வீட்டுப் பெண்களும் தையல் வரிசையில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தது எப்படி? வேலையின் உருவம் மாறியதும் ஆட்கள் வந்தார்கள். பாடத்தின் உருவம்தான் மாறவில்லை. இப்போது எல்லாம் கணினி, கையால் வரைவது எதற்கு என்பதும் அரைகுறை வாதம். மென்பொருள் பரப்பை நொடியில் தட்டையாக்கும், அளவுகளைப் பெருக்கும். ஆனால் ஆட்டுத்தோலுக்குப் போட்ட கோடு எருமைத்தோலுக்கு ஆகாது. முதல் ஜோடியை லாஸ்டில் ஏற்றி இழுத்துப் பார்த்து, விரல் நுனிப் பக்கம் எத்தனை மி.மீ. குறைப்பது என்று சொல்ல ஆள் வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த தோல்காரரும் வரையத் தெரிந்த மாணவரும் ஒரே தெருவில் வசிக்கும் ஊர் ஆம்பூர்.