ஜாமீன் வியாபாரத்தின் பூர்வ சரித்திரம்

எந்தக் குற்றத்திற்கு ஜாமீன் உண்டு, எதற்கு இல்லை என்று 1275-இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் வரையறுத்த காலத்தில், கைதானவனுக்காகப் பொறுப்பேற்று நின்றவர்கள் அவனுடைய உற்றாரும் ஊராருமே. ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாழ்ந்த ஜனங்கள் நிறைந்த அமெரிக்காவிலோ அத்தகைய துணை அரிதாகிவிடவே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரின் மக்டொனோ சகோதரர்கள், கெர்னி வீதியில் தாங்கள் நடத்திய மதுக்கடையிலிருந்தே ஜாமீன் கொடுப்பதை ஒரு வியாபாரமாக்கினர். நகரத்து ஊழலின் ஊற்றுக்கண் என்று 1937-இல் ஆதர்ட்டன் விசாரணை அறிக்கை அந்த ஸ்தாபனத்தையே சுட்டியது.

நீதிபதி 1,000 டாலர் நிர்ணயித்தால், கைதியின் தாயோ மனைவியோ பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாகச் செலுத்த, முழுத் தொகைக்கும் ஜாமீன்தாரர் நியாயஸ்தலத்தில் உத்தரவாதம் எழுதிக்கொடுப்பார். கைதி தவணை தவறாமல் ஆஜராகி, நிரபராதியென்றே விடுதலை பெற்றாலும், அந்த 100 டாலர் திரும்பி வருவதில்லை. ஏழைக் குடும்பத்தின்மீது, தீர்ப்புக்கு முன்பே விதிக்கப்பட்ட அபராதம் என்றே இதனை நான் கருதுகிறேன்.

குடும்பமும் தொழிலும் ஊரில் வேரூன்றியவர்கள் பணம் கட்டாமலே விசாரணைக்குத் திரும்பி வருவார்கள் என்பதை 1961-இல் நியூயார்க்கில் தொடங்கிய மன்ஹாட்டன் ஜாமீன் திட்டம் நிரூபித்தது; 1966-இல் மத்திய அரசின் ஜாமீன் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது; 1976-இல் கென்டக்கி மாநிலம் இவ்வியாபாரத்தையே தடை செய்தது.