இரவல் போகாத புத்தகம் எங்கே போகிறது?

1995 ஒக்ரோபர் 23ஆம் திகதி அட்டாளைச்சேனையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. யுத்தத்தால் வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் படிக்க வழியில்லாமல் நின்ற மாணவர்களுக்காக அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் முன்னின்று பெற்றுக்கொடுத்த கல்லூரி அது. அடுத்த வருடம் மே 15இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்து, பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. பிரயோக விஞ்ஞான பீடம் மட்டும் சம்மாந்துறையில் அமைந்தது. பீடம் பிரிந்தால் புத்தகமும் பிரியத்தானே வேண்டும்? பிரதான நூலகம் ஒலுவிலில், விஞ்ஞான நூலகம் சம்மாந்துறையில் என்றாயிற்று. எந்தப் புத்தகம் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்ற கேள்வி இப்படித்தான் இந்த அம்பாறைக் கரைக்கு வந்து சேர்ந்தது.

துறைவாரியாகப் பிரிப்பது சுலபம். ஒரே துறைக்குள் எதை முன்னுக்கு வைப்பது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்பதில்தான் தலையிடி. இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் இதற்கு நெடுநாளாக ஒரு வழி வைத்திருக்கின்றன. ஒரு பாடத்துக்கு எல்லோரும் அடிபடும் நூலை இரவல் பகுதியிலிருந்து எடுத்துத் தனியாக வைப்பார்கள். பகலில் உள்ளேயே இருந்து வாசிக்கலாம். மூடும் நேரத்தில் ஓர் இரவுக்குக் கொடுத்து, விடிந்ததும் திருப்பி வாங்கிவிடுவார்கள். அதைவிடவும் அருமையான நூல் வாசலைத் தாண்டவே தாண்டாது. ஆக, கேள்வி கூடக் கூடப் புத்தகம் கருமபீடத்துக்குக் கிட்ட வருகிறது.

கேள்வி குறையக் குறைய எவ்வளவு தூரம் போகலாம்?

கணினி வருமுன் இதற்கான சாட்சி பின்னட்டையின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த திகதிச் சீட்டு. ஊதா மையில் கொஞ்சம் சரிந்து விழுந்த இறப்பர் முத்திரைகள். முதல் வரிசைகளில் நெருக்கமாக இருக்கும் திகதிகள் கீழே வர வர ஐதாகும். ஒரு கட்டத்தில் நின்றே போகும். அந்தக் கடைசித் திகதிக்கும் இன்றைக்கும் இடையில் எத்தனை வருடம் என்று எண்ணுவதையே அமெரிக்க நூலகர்கள் ஒரு முறையாக வளர்த்தெடுத்தார்கள். 1942இல் பொஸ்டனில் பல நூலகங்கள் சேர்ந்து, அதிகம் கேட்கப்படாத நூல்களுக்கென ஒரு பொதுக் களஞ்சியம் திறந்தன. 1944இல் பிரீமொன்ட் ரைடர் என்ற நூலகர், ஆராய்ச்சி நூலகங்களின் இருப்பு 16 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று எழுதி எல்லோரையும் கலங்க வைத்தார். சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஃபஸ்லரும் ஜூலியன் சைமனும் 1961இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு நூல் இனி எவ்வளவு வாசிக்கப்படும் என்பதற்கு அது இதுவரை வாசிக்கப்பட்ட அளவே சிறந்த அறிகுறி என்றது. 1979இல் பிட்ஸ்பேர்க்கிலிருந்து வந்த கணக்கு இன்னும் காரமானது: அந்தப் பல்கலைக்கழகம் 1969இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு, முதல் ஆறு வருடத்தில் ஒருதடவையேனும் இரவல் போகவில்லை.

இந்தக் கணக்குகளின் பிள்ளைதான் 1986இல் ஹாவர்ட் பல்கலைக்கழகம் நகருக்கு வெளியே கட்டிய களஞ்சியம். அங்கே பாட ஒழுங்கு கிடையாது. புத்தகத்தின் உயரத்தை அளந்து, ஒத்த உயரமுள்ளவற்றைப் பெட்டியில் அடுக்கி, பட்டைக்குறி ஒட்டி, குளிரூட்டிய மண்டபத்தில் ஏற்றிவிடுவார்கள். இடம் மிச்சம், தாளுக்கும் ஆயுள் கூடுதல். ஆனால் வாசகர் அலுமாரி அலுமாரியாக நடந்து, தேடாத ஒன்றைக் கண்டெடுக்கும் பாக்கியம் அங்கே இல்லை. பட்டியலில் பிழையாக ஏறிய புத்தகம் இருந்தும் இல்லாததுதான்.

கல்முனைப் பக்கத்தில் இந்தக் கடைசி விடயம் சின்ன விடயமல்ல. மருதமுனைப் புலவர்மணியின் பெயரை ஒருவர் ஷரிபுத்தீன் என்று எழுதுவார், இன்னொருவர் சரிபுத்தீன் என்பார், மூன்றாமவர் ஃ போட்டு நீட்டுவார். கல்முனைக்குடியில் பிறந்த கவிஞர் எம்.ஏ. நுஃமானும் சில பட்டியல்களில் நுஹ்மான். புத்தகம் கண்ணுக்கு முன்னால் அலுமாரியில் இருக்கும்வரை இந்த எழுத்து மாற்றம் யாரையும் தடுப்பதில்லை. பெட்டிக்குள் போய், கணினியில் தட்டித்தான் கேட்க வேண்டும் என்றானபின் ஒரே ஓர் எழுத்து புத்தகத்தை மறைத்துவிடும். தேடியவர் கிடைக்கவில்லையென்று போய்விடுவார். பதிவேட்டில் அந்த நூலுக்குக் கேள்வியே இல்லை என்றுதான் இருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1969, 70 காலத்தில் கல்முனையிலிருந்து நுஃமானின் 'கவிஞன்' சஞ்சிகை வந்தது. பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன் 'பாடும் மீன்' சஞ்சிகையை நடத்தினார். கல்முனை வாசகர் சங்கம் மஹாகவியின் 'கோடை' பா நாடகத்தை நூலாக்கியது. மெல்லிய தாள், கம்பி தைத்த முதுகு, கையால் எண்ணக்கூடிய பிரதிகள். இப்படிப்பட்டவற்றை எந்த நூலகரும் இரவல் கொடுக்கமாட்டார். ஆராய்ச்சி மாணவர் வந்து, மேசையில் வைத்துக் குறிப்பெடுத்து, வேண்டிய பக்கங்களைப் பிரதி பண்ணிக்கொண்டு போவார். அத்தனைக்குப் பிறகும் சீட்டு வெள்ளையாகவே இருக்கும். அரபுத் தமிழ்க் கிதாபுகளின் கதையும் இதேதான். அரபு எழுத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த தலைமுறை அருகிக்கொண்டு வருகிறது. இரவல் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் முதல் வண்டியில் ஏற வேண்டியவை அவைதான்.

மேசை வாசிப்பைக் கணக்கில் எடுக்க நூலகங்களில் ஓர் எளிய தந்திரம் உண்டு. வாசித்த நூலைத் திரும்ப அலுமாரியில் வைக்க வேண்டாம், மேசையிலேயே விடுங்கள் என்று அறிவித்தல் ஒட்டிவிட்டு, மாலையில் மேசையில் கிடப்பவற்றை எண்ணுவது. செலவில்லாத வேலை. நம்மவர்கள் மரியாதைக்காக எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ச் சொருகிவிடுவார்கள் என்பதுதான் தொல்லை.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். இரங்கநாதன், 1931இல் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்ற முதல் விதியைச் சொல்லாத நூலகவியல் மேடை இல்லை. பயன்படாததை ஒதுக்கலாம் என்பதற்கும் சிலர் அதையே துணைக்கு இழுக்கிறார்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்கிற மூன்றாவது விதியை அவர்கள் வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள். அந்த வாசகர் எத்தனை வருடத்துக்குள் வர வேண்டும் என்று இரங்கநாதன் காலக்கெடு வைக்கவில்லை.

அமெரிக்கக் கணக்குகளுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: இங்கே இல்லாவிட்டால் வேறெங்கோ ஒரு பிரதி இருக்கும். இலங்கைத் தமிழ் நூல்களுக்கு அந்த நம்பிக்கையை 1981 எரித்துவிட்டது. ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு போனவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அதைப் பற்றித்தான் நுஃமான் 'புத்தரின் படுகொலை' எழுதினார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று அம்பாறைக் கரை முழுவதும் அடிபட்டது. மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். வீடுகளின் அலுமாரிகளில் இருந்த கிதாபுகளையும் பழைய சஞ்சிகைகளையும் அப்போது யார் எண்ணியிருப்பார்கள்? பின்பு அரசு வடகிழக்குக் கரையில் 200 மீற்றருக்குக் கட்டிடத் தடை போட்டது. கிழக்கே கடல், மேற்கே மாரியில் வெள்ளம் நிற்கும் வயல், நடுவில் நெருக்கியடித்த ஊர்கள். களஞ்சியம் ஒன்று கட்டுவதென்றால் எங்கே என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ஃபஸ்லரும் சைமனும் ஆய்வு செய்த அதே சிக்காகோப் பல்கலைக்கழகம் பிற்காலத்தில் இரண்டு காரியம் செய்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த பல்லாயிரம் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும், நாடக நோட்டீசுகளும் பாட்டுப் புத்தகங்களும் அடங்கலாக, வாங்கிச் சென்னையிலேயே வைத்து 1994இல் ஓர் ஆராய்ச்சி நூலகமாக்கியது. எந்த இரவல் கணக்கிலும் தேறியிராத காகிதங்கள் அவை. 2011இல், மற்றவர்கள் ஊருக்கு வெளியே களஞ்சியம் கட்டிக்கொண்டிருக்க, தன் வளாகத்தின் நடுவிலேயே நிலத்தடியில் 35 இலட்சம் நூல்கள் கொள்ளும் களஞ்சியம் திறந்தது. இயந்திரப் பாரந்தூக்கி கேட்ட நூலைச் சில நிமிடத்தில் மேலே கொண்டுவந்துவிடும்.

இங்கே அவ்வளவு பணம் இல்லை. இருப்பவை வேறு. 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தால் அச்சகங்கள் அரசுக்கு ஒப்படைத்த பிரதிகள் கொழும்பிலும் பேராதனையிலும் உண்டு. சின்ன அச்சகங்கள் பல ஒப்படைக்காமலே விட்டதும் உண்டு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் கல்முனைச் சஞ்சிகை ஒன்று ஏறிவிட்டால், ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவர் நள்ளிரவில் வாசிக்கலாம். அந்த வாசிப்பு எந்த உள்ளூர்ப் பதிவேட்டிலும் ஏறாது. ஆகவே பெட்டி கட்டுமுன் கடைசி இரவல் திகதிக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று நிரல்கள் வேண்டும்: கொழும்பில் பிரதி உண்டா, பேராதனையில் உண்டா, எண்ணிமத்தில் ஏறியதா. மூன்றிலும் இல்லை என்று வந்த நூல், சீட்டு எவ்வளவு வெறுமையாக இருந்தாலும், முதலில் போக வேண்டியது பிரதியெடுக்கும் மேசைக்கு.