பிறப்பும் தெரிவும்: ஒரு மேசை விளையாட்டின் வரலாறு

அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டு வெளியானது. மேசையைச் சுற்றியமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரமாகிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. வலிமை, அறிவு முதலான ஆறு இயல்புகளின் அளவையும் மூன்று பகடைகளின் கூட்டுத்தொகையே தீர்மானித்தது. மனிதப் பாத்திரம் போர்வீரனாகலாம், மந்திரவாதியாகலாம், சமயகுருவாகலாம். குள்ளர் குலத்தில் பிறந்த பாத்திரத்துக்கோ போர்வீரனாவதைத் தவிர வேறு வழியில்லை.

1978இல் வந்த விதிநூல், பெண் பாத்திரங்களின் வலிமைக்கு ஆணினும் குறைந்த உச்சவரம்பை விதித்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு அவ்வரம்பை நீக்கியது. எக்குலத்தவரும் எத்தொழிலையும் தெரிவு செய்யலாம் என்றது 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு. 2024இன் விதிநூலிலோ இயல்புகளுக்கான மேலதிகப் புள்ளிகளைக் குலம் வழங்குவதில்லை. பாத்திரம் வாழ்ந்த வாழ்வே வழங்குகிறது.

கற்பனை உலகிலும் பிறப்பின் தளையை அறுக்க ஐம்பது ஆண்டுகள் சென்றன என்பது சிந்தனைக்குரியது.