சின்னமுத்தும் பள்ளிக்கூட வாசலும்

மக்கள் சில நோய்களை அஞ்சுகின்றனர். சில நோய்களைப் பொறுத்துக்கொள்ளுகின்றனர். சின்னமுத்து நெடுங்காலமாக இரண்டாம் வகையைச் சேர்ந்ததென்றே கருதப்பட்டு வந்தது. குழந்தைக்குப் பல் முளைப்பது போல இதுவும் ஒருமுறை வந்து போகவேண்டியதே என்று பெற்றோர் எண்ணினர். காய்ச்சலும், தடிமனும், கண் சிவப்பும், பின்னர் மேனியெங்கும் செம்புள்ளிகளும் கண்டபோது, அம்மாள் வருத்தம் என்று சொல்லி வேப்பிலை கட்டி, வீட்டைத் துப்புரவாக வைத்துக் காத்திருந்தனர். பெரும்பாலான பிள்ளைகள் எழுந்து நடமாடினர். எழுந்தவர் பலர் ஆதலால், எழாதவரை உலகம் விரைவில் மறந்தது. நியுமோனியாவால் இறந்தவரும், பார்வை இழந்தவரும், மூளை அழற்சியால் அறிவு மழுங்கியவரும் அந்த மறக்கப்பட்ட தொகையினர்.

இந்நோயின் வித்து காற்றிலே பரவுவது. நோயாளி இருமிவிட்டுச் சென்ற அறையில் அது 2 மணி நேரம் வரையில் தங்கி நிற்கும். எதிர்ப்பு ஆற்றல் இல்லாத 10 பேர் நோயாளியின் அருகே பழகினால் அவர்களுள் 9 பேரைப் பற்றிக்கொள்ளும். அன்றியும், செம்புள்ளி தோன்றுவதற்கு 4 நாட்களுக்கு முன்னரே அது பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகின்றது. ஆகவே, புள்ளி கண்ட பிள்ளையை ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பும் வேளையில், அதே வாங்கில் இருந்த மற்றைப் பிள்ளைகளிடம் நோய் முன்னரே குடிபுகுந்திருக்கும். வகுப்பறையைப் போல இந்நோய்க்கு வாய்ப்பான இடம் வேறில்லை. ஆயினும், இதனை வெல்லும் மருந்து பிறந்ததும் ஒரு பள்ளிக்கூடத்திலே. அம்மருந்து முழுப்பயன் தந்ததும் பள்ளிக்கூட வாசலிலே. இதுவே வரலாறு காட்டும் உண்மை.

பாரசீக நாட்டின் பேரறிஞரான அல்-றாசி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறுபடுத்தி நூல் எழுதினார். எனினும் நோயின் போக்கைத் திட்டமாக வரையறுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த பீற்றர் பானும் என்னும் இளம் வைத்தியர். 1846-ஆம் ஆண்டில் வட அத்திலாந்திக் கடலிலுள்ள பரோ தீவுகளில் சின்னமுத்து புகுந்தது. ஏறக்குறைய 7,800 மக்களுள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் சில மாதங்களுக்குள் நோயுற்றனர். அதற்கு முன் அந்நோய் அத்தீவுகளுக்கு வந்தது 1781-ஆம் ஆண்டில். ஊர் ஊராகச் சென்று விசாரித்த பானும், அரிய செய்தி ஒன்றைக் கண்டார். 65 ஆண்டுகளுக்கு முன் குழந்தைப் பருவத்தில் நோயுற்றுப் பிழைத்த முதியவர் ஒருவரையேனும் இம்முறை அது தீண்டவில்லை. ஒருமுறை பெற்ற எதிர்ப்பு ஆயுள் முழுவதும் காக்கும் என்பது இதனால் விளங்கிற்று. அங்ஙனமாயின், நோயின் துன்பத்தைத் தராமல் அந்த எதிர்ப்பை மட்டும் உடலுக்குத் தரமுடியாதா? இக்கேள்விக்கு விடை கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டு கழிந்தது.

1954-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்கு மேற்கேயுள்ள சவுத்பரோ என்னும் ஊரில், பே பாடசாலை என்ற ஆண்கள் விடுதிப் பள்ளியில் சின்னமுத்து பரவியது. பொஸ்ரனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜோன் எண்டர்ஸ் என்னும் அறிஞர் இதனைக் கேள்வியுற்றார். உடலுக்கு வெளியே, கண்ணாடிக் குழாயிலுள்ள இழையத்தில் இளம்பிள்ளைவாத வைரசை வளர்த்துக் காட்டியவர் அவர். அதற்காக அவருக்கும் அவருடைய துணைவர் இருவருக்கும் அதே ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சின்னமுத்தின் வைரசையும் அவ்வாறே பிடித்து வளர்க்கவேண்டும் என்பது அவர் எண்ணம். ஆகவே தமது ஆய்வுகூடத்தில் இருந்த தோமஸ் பீபிள்ஸ் என்ற இளம் வைத்தியரை அப்பள்ளிக்கு அனுப்பினார்.

பீபிள்ஸ் அதிபரிடம் இசைவு பெற்றார். நோயுற்றுக் கிடந்த மாணவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சென்று, உலகில் எவரும் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய முயல்வதாகக் கூறி, உதவ விருப்பமா என்று கேட்டார். இசைந்தவர்களின் இரத்தமும் தொண்டைக் கசிவும் எடுத்துச் செல்லப்பட்டன. முதற் சில முயற்சிகள் பயன் தரவில்லை. பின்னர், எட்மன்ஸ்டன் என்னும் குடும்பப் பெயருடைய மாணவன் ஒருவனின் இரத்தத்திலிருந்து வைரசு வளர்ந்தது. மனிதச் சிறுநீரகத்தின் கலங்களிலே முதலில் வளர்ந்த அதனை, மீண்டும் மீண்டும் வேறு கலங்களுக்கு மாற்றி, ஈற்றில் கோழிக் கருவின் கலங்களில் வளர்த்தபோது, நோயை உண்டாக்கும் வலிமை குன்றி, எதிர்ப்பை உண்டாக்கும் ஆற்றல் மட்டும் எஞ்சியது. 1963-ஆம் ஆண்டில் அதிலிருந்து செய்த தடுப்பூசிக்கு அமெரிக்காவில் உரிமம் கிடைத்தது. 1968-இல் மேலும் தணிக்கப்பட்ட வகை ஒன்று வெளிவந்தது. உலகில் இன்று பயன்படும் சின்னமுத்துத் தடுப்பூசிகள் பலவற்றின் மூலம் அந்த மாணவனிடம் எடுத்த இரத்தமே. அவ்வகை வைரசுக்கு அவனுடைய பெயரே நிலைத்துவிட்டது.

இவ்வரலாற்றில் நெருடலான ஒரு பகுதியும் உண்டு. 1958-இல் இத்தடுப்பூசியின் முதற் சோதனை நிகழ்ந்தது, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் வாழ்ந்த ஒரு நிலையத்தில். பெற்றோரின் சம்மதம் பெறப்பட்டது. அந்நிலையத்தில் சின்னமுத்து அடிக்கடி உயிர்களைக் கொண்டுபோனதும் உண்மை. எனினும், தமக்காகத் தாமே பேச இயலாத பிள்ளைகளிடம் புதுமருந்தை முதலிற் சோதிப்பதைப் பிற்காலத்து மருத்துவ அறம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. பெற்ற நன்மையைப் போற்றுவோர் அதனைக் கொடுத்தவரையும் மறத்தலாகாது.

மருந்து கிடைத்தது, நோய் ஒழிந்ததா? ஒழியவில்லை. தடுப்பூசி வருவதற்கு முன் அமெரிக்காவில் ஆண்டுதோறும் 30 இலட்சம் பேருக்கும் மேலாக நோயுற்றனர். ஏறக்குறைய 500 பேர் இறந்தனர். ஊசி வந்தபின், 1968-இல் அறிவிக்கப்பட்ட நோயாளர் தொகை ஏறக்குறைய 22,000 ஆகக் குறைந்தது. ஆனால் 1971-இல் அது 75,000 வரை ஏறிற்று. மருந்து கெட்டுவிட்டதா, மக்கள் சோர்ந்துவிட்டனரா என்ற ஐயம் எழுந்தது. அதற்கு விடை தந்தது ஒரு சிறு நகரம்.

டெக்சாஸ், ஆர்கன்சோ என்னும் இரு மாநிலங்களின் எல்லையில் டெக்சார்க்கானா என்ற நகரம் இருக்கின்றது. மாநில எல்லைக்கோடு அதன் நடுத்தெருவின் வழியே செல்கின்றது. தபாற் கட்டடமும் ஒரு பாதி ஒரு மாநிலத்திலும் மறு பாதி மற்றதிலுமாக நிற்கின்றது. ஏறக்குறைய 50,000 மக்கள் இருபுறமும் கலந்து வாழ்ந்தனர், ஒரே கடைவீதியிற் பொருள் வாங்கினர், உறவு கொண்டாடினர். வேற்றுமை ஒன்றே. ஆர்கன்சோப் பகுதியில் பள்ளியிற் சேரும் பிள்ளைக்குத் தடுப்பூசி வேண்டும் என்ற விதி இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூட்டாக ஊசி போடும் இயக்கங்களும் நடந்திருந்தன. டெக்சாஸ் பகுதியில் அத்தகைய விதி இருக்கவில்லை.

1970-ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அந்நகரில் சின்னமுத்து புகுந்து, அடுத்த சனவரி வரையில் உலாவியது. நோயுற்றோர் 633 பேர். அவர்களுள் 606 பேர் டெக்சாஸ் பகுதியினர். ஆர்கன்சோப் பகுதியினர் 27 பேர் மட்டுமே. 1 வயது முதல் 9 வயது வரையான பிள்ளைகளை மட்டும் எண்ணினால், ஆயிரம் பேரில் ஒருபுறம் 48 பேரும் மறுபுறம் 4 பேரும் நோயுற்றனர். காற்று ஒன்று, தெரு ஒன்று, மக்கள் ஒருவர், விளைவோ வேறு. நோய் எல்லைக்கோட்டை அறியாது. எல்லைக்கு அப்பாலிருந்த பிள்ளைகளின் உடலில் இடம் கிடைக்காமையால் அது நின்றது. மருந்து கெடவில்லை என்பதும், அது பிள்ளைகளிடம் போய்ச் சேராமையே குறை என்பதும் தெளிவாயின.

பள்ளிக்கூட விதியால் தடுப்பூசியை வலியுறுத்தும் முறை அந்நாட்டுக்குப் புதிதன்று. பெரியம்மைக்காக மசச்சூசெற்ஸ் மாநிலம் 1855-ஆம் ஆண்டிலேயே அவ்வாறு சட்டம் செய்தது. அதனை எதிர்த்தோரும் இருந்தனர். தன் பிள்ளையின் உடலைப்பற்றி முடிவு செய்ய அரசுக்கு என்ன உரிமை என்று அவர்கள் கேட்டனர். இக்கேள்வியைச் சிறிதென்று தள்ளுதல் நேர்மையன்று. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1905-இலும், டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரின் பள்ளிக்கூட விதிபற்றி 1922-இலும், பொது நலனுக்காக அரசு இவ்வாறு விதிக்கலாம் என்றே தீர்ப்பளித்தது. இதிலுள்ள நியாயம் யாதெனில், தடுப்பூசி போடப்படாத பிள்ளை தன்னை மட்டும் இடருக்கு உள்ளாக்குவதில்லை. ஊசி பெறும் வயதை எட்டாத தம்பி தங்கையர் வீட்டில் உளர். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து உண்பதால் இவ்வூசியைப் பெற இயலாத பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கலாம். அவர்களுக்கு அரண் பிறருடைய எதிர்ப்பு ஆற்றலே. இந்நோய் பரவாது நிற்க 100 பேரில் ஏறக்குறைய 95 பேர் காப்புப் பெற்றிருத்தல் வேண்டும்.

1976-இல் அலாஸ்கா மாநிலத்தில் நோய் பரவியபோது, சான்று காட்டாத பிள்ளைகள் குறித்த நாளுக்குப் பின் வகுப்புக்கு வரலாகாது என அதிகாரிகள் அறிவித்தனர். அந்நாளில் ஏறக்குறைய 89,000 மாணவருள் 7,400 பேருக்கு மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரு மாதம் கழிந்தபோது வெளியே நின்றவர் 50 பேர் அளவினரே. 1977-இல் லொஸ் அஞ்சலிசில் ஏறக்குறைய 50,000 பிள்ளைகள் இவ்வாறு நிறுத்தப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சில நாட்களுக்குள் ஊசி பெற்றுத் திரும்பினர். இவ்விரைவு ஓர் உண்மையை உணர்த்திற்று. ஊசி பெறாத பிள்ளைகளின் பெற்றோருள் மறுத்தவர் சிலரே, காலந்தாழ்த்தியவரே பலர். 1980-களின் தொடக்கத்தில் 50 மாநிலங்களிலும் பள்ளிக்கூட விதி வந்துவிட்டது. 1989-இல், ஒரு தடவை போதாதென்று கண்டு இரண்டாம் ஊசியும் பரிந்துரைக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் சின்னமுத்து அந்நாட்டில் நிலைகொண்டு பரவுதல் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2025-இல் மேற்கு டெக்சாசில் மீண்டும் எழுந்த நோய் 700 பேருக்கு மேற்பட்டோரைப் பற்றியது. தடுப்பூசி பெறாத, பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் இருவரை அது கொண்டுபோயிற்று.

இலங்கையின் அனுபவமும் இதற்கு மாறுபட்டதன்று. இங்கு சின்னமுத்துத் தடுப்பூசி 1984-இல் வந்தது. 1999-இலும் 2000-இலும் எழுந்த பெருந்தொற்றில் பள்ளி மாணவரும் இளைஞரும் பெருந்தொகையாக நோயுற்றனர். அதன்பின் 2001-இல் இரண்டாம் ஊசி சேர்க்கப்பட்டது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதென அறிவித்தது. அது பெருமைக்குரிய நாள். ஆனால் 2023-இல் நோய் மீண்டும் தலைகாட்டியது. சில இடங்களில் ஊசி தவறிய பிள்ளைகள் இருந்தமையே அதற்கு வழி திறந்தது.

இந்நாட்டுப் பிள்ளைக்கு 9 மாதத்தில் ஒன்றும், 3 வயதில் ஒன்றுமாக இரு ஊசிகள் உரியன. அவை போடப்பட்ட நாட்கள் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் குறிக்கப்படும். முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர், பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கும்போது அப்பதிவேட்டையும் எடுத்துப் பார்ப்பாராக. அதில் ஓர் இடம் வெறிதாயிருப்பின், பள்ளிக்கூட வாசலை அடையுமுன் அதனை நிரப்பிவிடலாம்.