உடுமலைக்குத் தெற்கே: காத்து, தண்ணி, தடம்

கொங்குப் பக்கம் பாதைக்குப் பேரு தடம். தார் ரோடா இருந்தாலும் பெரியவங்க வாயில அது தடந்தான். உடுமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஏதாவது மொட்டை மாடியில ஏறித் தெற்கே பார்த்தா, வானத்துல பாதி மலையா நிக்கும். அந்த மலைக்குள்ள போற தடங்களைப் பத்தி அப்பப்போ எழுதி வெச்ச குறிப்புகளை ஒண்ணா சேர்த்தா என்ன கிடைக்கும்னு பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி, ஆடியில அடிக்கிற காத்து உடுமலைக்காரங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுத்தி நிக்கிற காற்றாலைகளே சாட்சி. ஆனா அந்தத் தென்மேற்குப் பருவத்தோட மழை பெரும்பாலும் வால்பாறை, மூணாறு பக்கமே கொட்டித் தீர்ந்துடும். உடுமலை - மூணாறு சாலையில இருக்கிற சின்னாறு மழை மறைவுப் பகுதி. அங்கே வருஷத்துக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவம் கொடுக்கிறது. ஆடி மாசம் மூணாறுல குடை இல்லாம நடக்க முடியாது. அதே நாள்ல சின்னாறுல முள்ளுக்காடு காய்ஞ்சு கிடக்கும். ஆத்தோரம் மட்டும் நீர்மருது மரங்கள் பச்சையா நிற்கும், அதுல சாம்பல் நிற மலையணில் தாவும். கீழே புதருக்குள்ள நட்சத்திர ஆமை. ஒரே சாலையில சில மணி நேரப் பயணத்துல இவ்வளவு மாற்றம் பார்க்கிற இடம் தமிழ்நாட்டுல அதிகம் இருக்காதுன்னு நினைக்கிறேன்.

அடுத்தது தண்ணி. திருமூர்த்திமலைக்குப் போறவங்க முதல்ல பார்க்கிறது அணை. அந்த அணையில நிக்கிற தண்ணியில பெரும்பங்கு மேலே தெரியுற மலையிலிருந்து வந்ததில்லை. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்துல, சர்க்கார்பதியிலிருந்து மலைச்சரிவை ஒட்டி 49 கிலோமீட்டர் ஓடி வர்ற காண்டூர் கால்வாய்த் தண்ணி. மலையோட சொந்தத் தண்ணி அமணலிங்கேசுவரர் கோயிலை ஒட்டி ஓடுற ஓடையில வருது. கோயிலே ஒரு பெரிய பாறையைச் சுத்தி அமைஞ்சது. மேலே இருந்து வெள்ளத்துல உருண்டு வந்த பாறை அதுன்னு ஊர்ல சொல்வாங்க. பேருல இருக்கிற 'அமணம்' சமணத்தைக் குறிக்குது, பாறையில செதுக்கியிருக்கிறது தீர்த்தங்கரர் உருவம்னு சொல்ற ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தைவிடப் பாறை உருண்ட கதைதான் முக்கியமாப் படுது. அந்த ஓடை என்ன செய்யும்னு ஊருக்கு எவ்வளவு காலமாத் தெரிஞ்சிருக்குங்கிறதுக்கு அது அடையாளம்.

கோயிலிலிருந்து பஞ்சலிங்க அருவிக்குப் போற தடம் சின்னதுதான், குழந்தைகளே ஏறிடுவாங்க. ஆபத்து ஏற்றத்துல இல்லை. மழை பெய்யுறது மேலே குருமலைப் பக்கம். குளிக்கிறவங்க நிக்கிறது கீழே வெயில்ல. 2008 மே மாசம் அப்படித்தான் திடீர்னு வந்த வெள்ளம் அருவியில நின்னவங்களை அடிச்சுட்டுப் போய்ப் பல உயிர் போச்சு. பங்குனி, சித்திரை கோடை மழைக்காலம் ஐப்பசியைவிட மோசம், ஏன்னா யாரும் எதிர்பார்க்கிறதில்லை. ஒரு தடவை நல்ல வெயில்ல அங்கே நின்னுட்டிருந்தப்ப, காவலுக்கு நின்ன பெரியவர் மலையைப் பார்த்துட்டு, "மேல இருட்டுதுங்க, எல்லாரும் எறங்கிருங்க" அப்படின்னார். முணுமுணுத்துக்கிட்டே இறங்கினோம். அன்னைக்கு வெள்ளம் வரலை. ஆனாலும் அவர் சொன்னது சரிதான்.

இனி தடம். மலைக்கு அந்தப் பக்கம் மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடின்னு அஞ்சு ஊர் சேர்ந்தது அஞ்சுநாடு. இன்னைக்கு அது கேரளம், பேச்சு தமிழ். மறையூர்ப் பாறைகள் மேல நிக்கிற கற்திட்டைகளை 'முனியறை'ங்கிறாங்க. பெருங்கற்காலத்துல இருந்தே அந்தப் பள்ளத்தாக்குல ஆள் நடமாட்டம் இருந்திருக்கு. ஆனைமுடி உச்சியில 1862-ல ஏறினவர்னு ஏட்டுல இருக்கிறது டக்ளஸ் ஹாமில்டன் என்கிற ஆங்கில ராணுவ அதிகாரி. அவருக்கு முன்னாடி தேனுக்கும் கிழங்குக்கும் அந்த மலைகள்ல திரிஞ்சவங்க ஏடு எழுதுறவங்க இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1882-ல சென்னை மாகாண வனச்சட்டம் வந்த பிறகு தடத்துக்குச் சொந்தக்காரர் மாறினார். காடு 'ரிசர்வ்' ஆச்சு, காட்டெரிச்சு விதைக்கிறது குற்றமாச்சு. 1976-ல சரணாலயம், 2007-ல ஆனைமலை புலிகள் காப்பகம். காட்டுக்கு இது நல்லதுதான், மறுக்கலை. அமராவதி வனச்சரகத்துல யானையும் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்குல காட்டெருமையும் இன்னும் இருக்குன்னா அதனாலதான். ஆனா குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி, ஈசல்தட்டுன்னு மலைக்குள்ள இருக்கிற ஊர்க்காரங்க, முதுவர்களும் மலைப் புலையர்களும், தங்கள் தடத்துலயே அனுமதி கேட்கிறவங்களா ஆனாங்க. 2006 வன உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுக்கிறதாச் சொல்லுது. அதுக்குப் பிறகும் நோயாளியையும் கர்ப்பிணியையும் தொட்டில் கட்டித் தூக்கிட்டு வர்ற செய்தியை உடுமலைக்காரங்க பேப்பர்ல பார்த்துட்டுத்தான் இருக்கோம்.

நம்மளை மாதிரி ஆசைக்கு நடக்கிறவங்க கதை வேற. 2018 மார்ச்ல குரங்கணித் தீயில மலையேறப் போனவங்க செத்த பிறகு தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்கு விதிகள் இறுகுச்சு. 2024 அக்டோபர்ல அரசே 40 தடங்களை முன்பதிவு முறையில திறந்துச்சு. திருப்பூர் மாவட்டத்துக்குக் கிடைச்சது சின்னாறு சோதனைச்சாவடியிலிருந்து கூட்டாறு வரைக்கும். பேருலயே இருக்கு, ஆறு கூடுற இடம். சின்னாறும் பாம்பாறும் சேர்ந்து அமராவதி அணைக்கு வருது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரைக்கும் காட்டுத்தீக் காலம்னு தடங்களை மூடுறாங்க. மார்கழி, தை போக நல்ல காலம்: ஆத்துல தண்ணி இருக்கும், வெயில் சுடாது.

போன தை மாசம் திருமூர்த்திமலை அடிவாரத்துல, மேலே இருந்து தைலப்புல் காய்ச்சின எண்ணெய்க் கேனோட ஒருத்தர் இறங்கி வந்தார். "எவ்வளவு நேரமுங்க ஆச்சு?"ன்னு கேட்டேன். "எறங்குறதுக்கு ரெண்டு மணி நேரமுங்க. அரிசி வாங்கிட்டுத் திரும்ப ஏறோணும், அதான் நேரம் புடிக்கும்"னார். கேனை இறக்கி வெச்சுட்டு, உடுமலை பஸ் போயிருச்சான்னு என்னைக் கேட்டார். போயிருந்துச்சு. அடுத்த பஸ் வரைக்கும் ரெண்டு பேரும் டீக்கடையில உட்கார்ந்திருந்தோம்.