1956: மினமாட்டாவும் நெய்வேலியும்

பாதரசம் பத்தி ஒரு நீண்ட இழை. நேரம் இருக்கும்போது படிங்க.

1956 மே 1. ஜப்பான்ல மினமாட்டாங்கிற கடலோர ஊர். ஹோசோகாவா ஹஜிமேங்கிற டாக்டர், காரணம் தெரியாத ஒரு மூளை நரம்பு நோய் வந்திருக்குன்னு சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தார். அதே வருஷம் நவம்பர்ல இங்கே நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாச்சு.

ரெண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனா காடாம்புலியூர் தாண்டி ஆர்ச் கேட் வழியா தினமும் போறவங்க அந்த ஜப்பான் கதையைத் தெரிஞ்சு வச்சுக்கணும். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

மினமாட்டாவில் முதல்ல பூனைகளுக்குத்தான் வந்தது. தள்ளாடி, வலிப்பு வந்து, கடல்ல விழுந்து செத்தன. மனுஷங்களுக்கு விரல் நுனியும் உதடும் மரத்துப்போச்சு. சட்டைப் பொத்தான் போட முடியலை. பார்வை ஓரங்கள்ல இருந்து சுருங்கி, குழாய் வழியா பார்க்கிற மாதிரி ஆச்சு. ஒரே வீட்ல பலருக்கு வந்ததால தொத்து நோய்னு பயந்து ஊர் அவங்களை ஒதுக்கி வச்சது. அவங்க செஞ்ச ஒரே விஷயம், விரிகுடாவுல பிடிச்ச மீனைச் சாப்பிட்டதுதான்.

அங்கே சிஸ்ஸோன்னு ஒரு ரசாயன ஆலை. அசிட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரசத்தை வினையூக்கியா பயன்படுத்தி, 1932-லிருந்தே கழிவுநீரை வெளியே விட்டுக்கிட்டிருந்தது. ஹோசோகாவா வேலை பார்த்தது அந்த ஆலையோட சொந்த ஆஸ்பத்திரியில!

1959-ல அவர் ஆலைக் கழிவைத் தீனியில கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். பூனை எண் 400. அக்டோபர்ல அதுக்கும் அதே நோய். நிர்வாகம் முடிவை வெளியே விடலை. டிசம்பர்ல, பாதிக்கப்பட்டவங்களுக்குச் சின்னத் தொகை கொடுத்து, இனிமே எதுவும் கேட்க மாட்டோம்னு ஒப்பந்தம் போட்டாங்க. சுத்திகரிப்பு இயந்திரம்னு ஒன்னையும் விழா எடுத்துத் திறந்தாங்க. அது கரிமப் பாதரசத்தை நீக்குற இயந்திரமே இல்லை.

கழிவு நின்னது 1968-ல. நடுவுல 1965-லயே அகானோ ஆத்தங்கரையில, வேற கம்பெனி, வேற ஊர், அதே நோய்.

ஹோசோகாவா 1970-ல, நுரையீரல் புற்றுநோயோட ஆஸ்பத்திரிப் படுக்கையில இருந்து பூனை 400 பத்திச் சாட்சி சொன்னார். அந்த வருஷமே இறந்துட்டார். சம்பளம் கொடுக்கிற இடத்தை எதிர்த்துப் பேசுறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கும் தெரியும். அதனால அவரை முழுசா திட்டவும் மனசு வரலை, பாராட்டவும் வரலை.

இப்போ நம்ம ஊர். பழுப்பு நிலக்கரியில இயற்கையாவே துளி அளவு பாதரசம் இருக்கு. எரிச்சா புகையிலயும் சாம்பல்லயும் வெளியே வரும். சுரங்கத்துக்கு அடியில ஊற்றுநீர் அழுத்தம் அதிகம். ராத்திரி பகலா இறைச்சாதான் சுரங்கம் மூழ்காது. அந்தத் தண்ணி வாலாஜா ஏரி, பரவனாறு, பெருமாள் ஏரின்னு போய், வயலுக்கும் பாயுது, கடலூர்ப் பக்கம் கடலுக்கும் போகுது.

2023-ல பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. வடக்கு வெள்ளூர்த் தண்ணியில பாதரசம் வரம்பைவிட 250 மடங்குன்னு சொன்னது அது. குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். பசுமைத் தீர்ப்பாயம் தானா முன்வந்து வழக்கா எடுத்தது. அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த மாதிரிகள்லயும் பாதரசம் வரம்பைத் தாண்டியிருந்தது. யார் பொறுப்பு, எவ்வளவு பொறுப்புங்கிறதைத் தீர்ப்பாயம் பார்க்கட்டும். என் கவலை வேற.

பாதரசத்தைத் தண்ணியில மட்டும் அளந்தா பத்தாது. ஏரிச் சேத்துல இருக்கிற பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமா மாத்தும். பாசி, குஞ்சு மீன், பெரிய மீன்னு ஒவ்வொரு படியிலயும் செறிவு கூடும். கொதிக்க வச்சாலும் குழம்பு வச்சாலும் போகாது. நஞ்சுக்கொடியைத் தாண்டும். மினமாட்டாவில் பெரிசா அறிகுறி இல்லாத அம்மாக்களுக்கே மூளை பாதிச்ச குழந்தைங்க பிறந்தாங்க.

இதை எப்படி நிரூபிச்சாங்க தெரியுமா? ஜப்பான்ல குழந்தையோட தொப்புள்கொடியைக் காயவச்சுப் பெட்டியில பத்திரப்படுத்துவாங்க. நாம தாயத்துல அடைச்சுக் கட்டுற மாதிரி. வீடு வீடா வாங்கி அளந்தப்போ, ஆலையில உற்பத்தி ஏறின வருஷங்கள்ல பிறந்தவங்க கொடியில பாதரசமும் ஏறியிருந்தது.

நமக்கு அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. தலைமுடி போதும். ஒரு சென்டிமீட்டர் முடி கிட்டத்தட்ட ஒரு மாசக் கணக்கைச் சொல்லிடும். பரவனாறு, பெருமாள் ஏரி மீனையும், கரையோர ஊர்க் கர்ப்பிணிகளோட முடியையும் அரசே பரிசோதிச்சு முடிவை வெளியிடணும். கிராம சபையில தீர்மானமா போட்டுக் கேளுங்க.

அதுவரைக்கும் பயந்து மீனையே விட்டுடாதீங்க. கடல் மத்தி, நெத்திலி மாதிரி சின்ன மீன்ல பாதரசம் குறைவு; கர்ப்பிணிகளும் சாப்பிடலாம். கை கால் மரத்துப்போனா உடனே பாதரசம்னு முடிவு கட்டாதீங்க. முதல்ல சர்க்கரையைப் பாருங்க. ஆனா வீட்ல ரெண்டு மூணு பேருக்குச் சேர்ந்து மரத்துப்போச்சுன்னா, அதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. நாங்க கேட்க மறந்தாலும் சொல்லுங்க.