ஏழைச் சிறார்க்கு இருதய சிகிச்சை: ஓர் அறத்தின் வரலாறு

நோயுற்றார்க்கு மருந்தளித்தல் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வரும் அறமாகும். முதலாம் இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார், தஞ்சையில் தம் தந்தையார் பெயரால் ஆதுலர் சாலை ஒன்றை நிறுவினார். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகளுடைய ‘வீரசோழன்’ என்னும் மருத்துவச் சாலையைக் கூறுகின்றது. அங்கே மருந்தளிப்பாரோடு அறுவை செய்வார் ஒருவருக்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. ஆயினும் அக்காலத்தில் எந்நாட்டு மருத்துவரும் கைவைக்கத் துணியாத உறுப்பு ஒன்று உண்டு, அதுவே இருதயம். இருதயத்தையொட்டிய பிறவிக் குறையை அறுவையால் நீக்கும் கலை தோன்றி இன்னும் நூறாண்டு நிறையவில்லை.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு இருதயத்தில் ஏதேனும் ஒரு குறை இருப்பதாகவும், நம் நாட்டில் ஆண்டுதோறும் அத்தகைய குழந்தைகள் இரண்டு இலட்சத்துக்கு மேல் பிறப்பதாகவும் மருத்துவர் மதிப்பிடுகின்றனர். சிறு துளைகள் பல தாமே மூடிக்கொள்ளும். பெரியவை அவ்வாறு மூடுவதில்லை. அத்தகைய குழந்தைக்குப் பால் குடிக்கும்போதே இளைப்புத் தோன்றும், உடல் தேறாது. சிலருக்கு நுரையீரலுக்குச் செல்லும் குருதி குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். நான்கடி ஓடினால் குந்தி உட்கார்ந்துவிடுவர். இதனைத் தோஷமென்று எண்ணி மந்திரித்துக் கயிறு கட்டியதன்றி வேறு வழியறியாத காலம் ஒன்றிருந்தது.

1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இராபர்ட் கிராஸ் என்னும் மருத்துவர், பிறந்தபின் மூடவேண்டிய குருதிக்குழாய் மூடாதிருந்த ஒரு சிறுமிக்கு அதனைக் கட்டி நலமாக்கினார். 1944 நவம்பர் 29-ஆம் நாள் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், நீலம் பாரித்த ஒரு பெண் குழந்தைக்கு ஆல்பிரட் பிளாலக் அறுவை செய்தார். அவ்வழியை முதலில் எண்ணியவர் ஹெலன் டாசிக் என்னும் பெண் மருத்துவர். விலங்குகளிடம் பன்முறை செய்து பார்த்து அதனை உருவாக்கியவரோ, மருத்துவப் பட்டம் பெறாத விவியன் தாமஸ் என்னும் நீக்ரோ இளைஞர். தச்சு வேலை செய்து கல்விக்கெனச் சேர்த்த பணத்தை வங்கி முறிவில் இழந்தவர் அவர். அறுவை நாளன்று பிளாலக்கின் பின்னே நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி கூறியவரும் அவரே. அக்குழந்தை நெடுநாள் வாழவில்லை. எனினும் அவ்வழியால் பின்னர் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தனர். 1976-ஆம் ஆண்டில்தான் அப்பல்கலைக் கழகம் தாமஸுக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கிற்று. ஏழ்மையால் மருத்துவக் கல்லூரி வாயிலை மிதிக்க இயலாத ஒருவரின் கைத்திறனே இக்கலையின் அடிப்படையில் உள்ளது என்பதை நாம் மறத்தலாகாது.

1953-இல் ஜான் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் தற்காலிகமாக ஏற்கும் இயந்திரத்தைக் கொண்டு, இருதயத்தைத் திறந்து அறுவை செய்து வெற்றி கண்டார். அக்கலை நம் நாட்டுக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை. 1900-இல் அம்மையார் ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய சிறு மருந்தகம் பெரிய மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே ரீவ் பெட்ஸ் மார்பு அறுவைத் துறையை அமைத்தார். அதே இடத்தில் 1961-ஆம் ஆண்டு டாக்டர் கோபிநாத் திறந்த இருதய அறுவையை வெற்றியுடன் செய்தார். 1975-இல் சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன், அடைபட்ட இருதயக் குழாய்க்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையைச் செய்தார். தொழிலாளருக்கென ஏற்பட்ட மருத்துவமனையிலேயே இது நிகழ்ந்தது என்பது ரயில்வே ஊழியராகிய எமக்குப் பெருமிதம் தருவதாகும்.

கலை வந்தது, பொருளோ தடையாயிற்று. இயந்திரம், குருதி, பல நாள் கண்காணிப்பு ஆகியவற்றின் செலவை ஒரு கூலித் தொழிலாளி எவ்வாறு தாங்குவான்? இத்தடையைப் பலர் பலவாறு நீக்க முயன்றனர். 1991-இல் புட்டபர்த்தியில் கட்டணமின்றி உயர் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை திறக்கப்பட்டது. பெங்களூரில் டாக்டர் தேவி ஷெட்டி நிறுவிய மருத்துவமனை, மிகுதியான அறுவைகளைச் செய்து ஒவ்வொன்றின் செலவையும் குறைத்தது. 2003-இல் லாகூரிலிருந்து வந்த குழந்தை ஒன்றுக்கும் அங்கே சிகிச்சை நடந்தது. 2012-இல் ராய்ப்பூரில் தோன்றிய இலவச மருத்துவமனை, பின்னர்க் குழந்தைகளின் இருதய நோய்க்கே உரியதாயிற்று.

அரசுகளும் பின்தங்கவில்லை. தமிழக அரசு 2009-இல் காப்பீட்டுத் திட்டம் கொணர்ந்தது. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின்படி, அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகள் சோதிக்கப்பட்டு, குறையுள்ளோர் இலவச சிகிச்சைக்கு அனுப்பப்படுகின்றனர். 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் அட்டையோ தகுதியுடைய குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவுவது. மாநில எல்லை கடந்தும் செல்லுபடியாவது. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்போன்றார் இதனை நன்கு அறிதல் வேண்டும்.

இத்தனை இருந்தும் குறை தீர்ந்ததா? 2011-இல் தில்லியிலிருந்து வெளியான ஓர் ஆராய்ச்சி நம்மைத் தலைகுனியச் செய்கின்றது. அறுவை வேண்டுமென்று கூறப்பட்ட ஆண் குழந்தைகளுள் நூற்றுக்கு 70 பேருக்கு அது செய்விக்கப்பட்டது. பெண் குழந்தைகளுள் 44 பேருக்கே செய்விக்கப்பட்டது. “மார்பில் தழும்புள்ள பெண்ணை யார் மணப்பார்?” என்னும் அச்சத்தை எந்தக் காப்பீடும் போக்காது, உற்றாரும் அயலாரும் கூறும் நல்லுரையே போக்கும்.

மற்றொன்று பயணம். இருதய அறுவைக்குச் செல்லும் நோயாளிக்கும் துணைக்குச் செல்லும் ஒருவருக்கும் ரயில்வே, படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி அளிக்கின்றது. மருத்துவமனை தரும் உரிய சான்றிதழ் ஒன்றே வேண்டும். இதனை அறியாது வட்டிக்குக் கடன் வாங்கிச் சீட்டெடுப்பார் பலர்.

வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நாள்தோறும் நோயாளிகள் காட்பாடி நிலையத்தில் வந்து இறங்குகின்றனர். மொழியறியா ஊரில் அவர்களுக்கு வழிகாட்டுவார் தமிழர். நாம் வாழும் இவ்வூரிலும் மொழி தெரியாது மருத்துவமனை வாயிலில் நிற்கும் தாய் ஒருத்தி இருக்கக்கூடும். அவளுக்காக விண்ணப்பம் எழுதித் தரவும், வரிசையில் உடன் நிற்கவும், குருதி கொடுக்கவும் நம் சங்கத்தில் பத்துப்பேர் முன்வருவாராயின், ஆதுலர் சாலை கண்ட மரபுக்கு அதுவே தக்க தொண்டாகும்.